மழைமானியின் ஜாதகம்

எந்தக் கருவி மக்கர் பண்ணினாலும் பிளக்கைக் கழற்றி மறுபடி மாட்டுவதையே சர்வரோக நிவாரணியாகக் கைக்கொண்டிருக்கும் நம்மவர்க்கு, அந்தக் கழற்றி மாட்டுதலே ரோகத்தின் மூலகாரணமாக இருக்கக்கூடும் என்று போன கிழமை எல்கடுவயில் நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தபோது, பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்த வயரிங் வேலைக்காரத் தம்பி, "அப்ப இன்னொருக்கா கழட்டி மாட்டிப் பாப்பமா சேர்?" என்றார்.

தேயிலைத் தொழிற்சாலைக் கூரையிலே, மழை பெய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சிறு மின்பலகை ஒன்று. அதன் மூளை இ.எஸ்.பி. 8266 என்னும் சிப். தட்டு நனைந்தால் அதன் கம்பியில் மின்னழுத்தம் தாழும், காய்ந்தால் உயரும். பலகையை வரைந்த மகானுபாவர் அந்தக் கம்பியைச் சிப்பின் பூஜ்ய இலக்கக் காலில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். எல்கடுவ மழையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் கொஞ்சம் ஜோதிடம் பேசியாக வேண்டியிருக்கிறது.

மின்சாரம் பாய்ந்து ரீசெட் விலகும் க்ஷணமே சிப்பின் ஜனன முகூர்த்தம். நமக்கு நவக்கிரகங்கள், அதற்கு 0, 2, 15 என்று மூன்றே கால்கள். முதலிரண்டும் உச்சம் பெற்று, பதினைந்து நீசமாயிருந்தால் சுபஜாதகம்: குழந்தை தன் நினைவகத்து நிரலை ஓதத் தொடங்கிவிடும். பூஜ்யமும் நீசமானாலோ சந்நியாச யோகம்: புது நிரலை உபதேசிக்க யாரேனும் சத்குரு வருவார் என்று சீரியல் வாசலைப் பார்த்தபடி நிஷ்டையில் அமர்ந்துவிடும். பதினைந்து உச்சமானால், வேறொரு யஜமானனுக்கு ஊழியம் செய்யவே பிறந்தோம் என்று எண்ணிக்கொள்ளும். முகூர்த்தம் கடந்தபின் அந்தக் கால்கள் எங்கே சஞ்சரித்தாலும் பலனில் மாற்றமில்லை. விமோசனம் வேண்டுமானால் மறுஜன்மம் எடுக்க வேண்டும். பரிகாரம் உண்டு என்பார்கள்: பூஜ்யத்துக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் தடை. ஆனால் நனைந்த தட்டு என்னும் பாபக்கிரகம் பலங்கொண்டு கீழே இழுக்கையில் அந்த மெலிந்த பரிகாரத்தால் என்ன ஆகும்? சிப் பிறந்தவுடனே தன் ஜாதகத்தைத் தானே வாசிக்கவும் செய்கிறது. ஆனால் 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கென்று வகுத்த சடங்கை 26 மெகாஹெர்ட்ஸில் நடத்துவதால், உலகமெல்லாம் 1,15,200 என்ற வேகத்தில் செவிசாய்த்திருக்க, அது 74,880 என்ற வேகத்தில் பேசுகிறது. அந்த விபரீத எண்ணை அறியாதவர் திரையில் காண்பது பூதபாஷை. அறிந்தவர் காண்பது ‘பூட் மோட் 1’. சுபஜாதகத்துக்கு அந்த இடத்தில் 3 வர வேண்டும்.

இனி எல்கடுவ. நக்கிள்ஸ் மலைப்பக்கத்து ஐப்பசி மழை பிற்பகலில் இடியோடு இறங்கும். இடி இறங்கினால் கரண்ட் போகும். கரண்ட் திரும்பும்போது மழை விட்டிருக்காது. ஆகவே, மழையற்ற நாட்களிலெல்லாம் மழையில்லை என்று அணுவளவும் பிசகாமல் பதிவு செய்துவந்த நமது மழைமானி, மழை வந்த பிற்பகல்களிலெல்லாம் சந்நியாசத்தில் இருந்தது. அதை எழுப்ப ஒரே உபாயம்: கொட்டுகிற மழையில் ஒருவர் கூரையேறி, தட்டைத் துடைத்து, அதற்குக் குடைபிடித்து, ரீசெட்டை அழுத்தி, பிறந்த குழந்தை ஓதத் தொடங்கியபின் குடையை விலக்கி மழையைக் காட்டுவது.

நான்கு, ஐந்து என்னும் கால்களுக்கு இந்த ஜனன தோஷம் எதுவுமில்லை. ஒரு துண்டுக் கம்பியும் நிரலிலே ஓர் இலக்கமும் மாற்றினால் தீர்ந்தது என்று வரைந்தவருக்கு எழுதினேன். குடைபிடிக்கும் முறையைப் படத்தோடு விளக்கி, கையேட்டின் அடுத்த பதிப்பிலே சேர்த்துக்கொள்வதாக நன்றியுடன் பதில் எழுதியிருக்கிறார்.