சாம்பிராணித் தராசும் அனுமதியின் நிலையாமையும்: ஓர் ஆய்வு

பூர்வபட்சம்: அனுமதியை ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான் என்பர் ஒரு சாரார். திருவண்ணாமலை தேரடித் தெருவில், லினக்ஸ் கணினியில் மின்னணுத் தராசைச் செருகிச் சாம்பிராணி விற்கும் கடைக்காரர் அம்மதத்தினர். எடை கேட்டால் கணினி 'அனுமதி இல்லை' என்னும். அவர் எல்லாருக்கும் அனுமதி தரும் 'சிஎச்மாட் 666' கட்டளையை அடிப்பார், எடை வரும். கரண்ட் போய் வந்தால் மறுபடி அதே மறுப்பு.

சித்தாந்தம்: 'டெவ்' அடைவிலுள்ள சாதனக் கோப்புகள் வட்டில் கிடப்பவை அல்ல, கெர்னல் நினைவகத்தில் உண்டாக்குபவை. ஒயரைப் பிடுங்கினால் கோப்பு மறையும். செருகினால் புதிதாய்ப் பிறக்கும். போன பிறவியின் புண்ணியம் ஒட்டாது. டெபியனில் அது பிறக்கும்போதே 660. அதாவது ரூட்டுக்கும் 'டயல்அவுட்' குழுவுக்கும் படிக்க, எழுத உரிமை, ஊராருக்குப் பூஜ்யம்.

சான்றுக்கு மலையைப் பார்க்கலாம். கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் 2,668 அடி உயர மலையில் ஏறத் தந்துவந்த சீட்டு அன்றைக்கு மட்டுந்தான். 2024 டிசம்பரில் மண் சரிந்தது. அதனால் அவ்வாண்டு அந்தச் சீட்டும் இல்லை. தீபம் ஏற்றும் பர்வதராஜகுலத்தாருக்குச் சீட்டு எதற்கு? உரிமை ஆளுக்கன்று, குலத்துக்கு. அவ்வாண்டும் தீபக் கொப்பரை மேலே போயிற்று, 13ஆம் தேதி மாலை தீபம் எரிந்தது. சிஎச்மாட் சீட்டு, டயல்அவுட் குலம்.

ஆகவே பயனரை 'யூசர்மாட்' கட்டளையால் அக்குழுவில் சேர்த்து, வெளியேறி நுழையச் சொல்லவேண்டும். 666 போட்டால் கணினியிலுள்ள எந்த நிரலும் தராசோடு பேசலாம் என்பதையும் வியாபாரி யோசிக்க வேண்டும். பில் பிரிண்டரும் சேர்ந்து தராசின் கோப்புப் பெயர் மாறி வந்தால், 2003இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் கொண்டுவந்த சாதன மேலாளரான யூடெவுக்கு ஒரு விதி எழுதலாம்: தராசின் யுஎஸ்பி சில்லுக்குத் தயாரிப்பாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523 என்றால் 'தராசு' என்றும் ஒரு பெயர் வை. (பிரிண்டரிலும் அதே சில்லு இருந்தால் செருகிய துளையை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.) இரட்டைச் சமக்குறி ஒப்பிடும், ஒற்றைக்குறி கொடுக்கும், இதில்தான் பண்டிதரும் வழுக்குவர். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதள மார்க்கத்தார் அனுமதி விதியை 'டெவ்எஃப்எஸ்.ரூல்ஸ்' என்ற கோப்பில் எழுதுவர். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை.

எல்லாம் கேட்ட கடைக்காரர், "ஏன் சார், ஒரு யுபிஎஸ் வாங்கிட்டா போதாதா?" என்றார். யுபிஎஸ் மதத்தை நாம் மறுக்க வேண்டியிராது; போனுக்குச் சார்ஜ் போட அவர் மகன் தினமும் பிடுங்குவது அந்தத் தராசு ஒயரைத்தான்.