வாழையிலைக் கிளவுட்காரர்

கழுத்தில் சைபர்ஜெயா அலுவலகத்து அட்டை; ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டார். பிரிக்பீல்ட்ஸில் எந்த வாழையிலைக் கடைக்குப் போனாலும் ஏதாவதொரு மேசையில் இருப்பார். எதிரே இருப்பவர் வாய்தவறி 'கிளவுட்' என்று சொல்லிவிட்டால் போதும், இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தன் இலையை அல்ல, அவர் இலையை.

"ரொம்ப சிம்பிள் லா. ஐயாஸ், பாஸ், சாஸ், மூணே வகை. ஐயாஸ்னா இன்ஃப்ராஸ்ட்ரக்சர். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு, சமையல் உன்னுது. அமேசான் 2006-லயே ஆரம்பிச்சிட்டான்." அடுப்புக்குச் சாட்சியாக ஓர் அப்பளம் போகும். "பாஸ்னா பிளாட்ஃபார்ம். மசாலா அரைச்சு ரெடியா இருக்கும், நீ எழுதின கோடை மட்டும் கொண்டாந்து போடு. 2008-ல கூகல் ஆப் எஞ்சின் வந்துச்சே, அது." பாகற்காய் வறுவல் காலி. "சாஸ்னா சாஃப்ட்வேர். உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான், ஜிமெயில் மாதிரி." இதைச் செய்துகாட்ட மட்டன் பிரட்டல்தான் வேண்டியிருக்கும்.

விளக்கம் தப்பில்லை. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வரையறையும் இதே மூன்றைத்தான் சொல்கிறது, பாகற்காய் இல்லாமல். ஆனால் பாத்திரத்தை யார் கழுவுவது என்பதை மட்டும் இவர் சொல்லவே மாட்டார். வாடகை அடுப்பென்றால் அது நம் தலையில்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்டேட் போடுவது, பேக்கப் எடுப்பது, எல்லாம். சாஸில் பெரும்பாலானதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுக்காமல் இருந்தால் சரி. வகை பிரிப்பதே இதற்காகத்தான். கேட்டால், "அதெல்லாம் டெக்னிக்கல் லா" என்று ரசம் ஊற்றச் சொல்வார்.

2024 ஆகஸ்டில் அமேசான் தன் கிளவுட் மையங்களை மலேசியாவிலேயே திறந்த அன்று மட்டும் மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் என் மாமாவுக்குத் துணிக்கடை. வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் வருகிறதே என்று இவரிடம் யோசனை கேட்டார். மாமாவுக்கு வேண்டியது மாதச் சந்தாவில் ஒரு கணக்கு மென்பொருள். இவர் போட்டுக்கொடுத்தது வாடகை மிஷின். பேக்கப் யாரும் எடுக்கவில்லை. தீபாவளி வியாபாரக் கணக்கு மொத்தமும் ஒருநாள் காணோம். எனக்குச் சிரிப்பே வரவில்லை. கடையில் எத்தனை பேர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவே இல்லை.

விஷயம் தெரிந்ததும், கொட்டுகிற மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் காடியை ஓட்டிக்கொண்டு வந்து, விடியவிடிய பில் புத்தகங்களைப் பார்த்துத் திரும்பத் தட்டிக் கொடுத்ததும் இவர்தான்.

கடை கணக்கு மென்பொருளுக்கு மாறிய பிறகும் அமெரிக்க டாலரில் பில் வந்துகொண்டேயிருந்தது. பார்த்தால், 'டெஸ்ட்' என்று இவர் திறந்து மூட மறந்த இன்னொரு மிஷின். யாரும் தொடாவிட்டாலும் ஓடுகிற நேரத்துக்கெல்லாம் காசு.

"ஏன் தம்பி, எவனோ சாப்பிட்ட இலைக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, இப்பதான் உங்களுக்குக் கிளவுட் புரிஞ்சிருக்கு!"