பற்பசை கொடுத்த முதலிடம்

கேள்வி: நடுவரே இல்லாமல், விற்பனைக் கணக்கைப் பார்த்து இசை விருது கொடுக்கிறார்களாமே? (வாசகர், திருப்பருத்திக்குன்றம்)

பதில்: ஆமாம், அமெரிக்காவின் பில்போர்டு விருது 1990-ல் இருந்தே அப்படித்தான். நம் பக்கம் அதற்கும் மூத்த அண்ணன் உண்டு. 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்கவில்லை. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கியதும், பாட்டு கடல் தாண்டி இலங்கை வானொலியில் ஏறிக்கொண்டது. அங்கே பிறந்ததுதான் 'பினாகா கீத்மாலா' என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. புரவலர், பற்பசை! அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்வார். புதன்கிழமை இரவு கொழும்பிலிருந்து ஒலிக்கும். இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் ஓட்டையும் சேர்த்து வரிசை போட்டார்கள். கடைக்காரரை மட்டும் கேட்டால் அவரைத் தயாரிப்பாளர் 'கவனித்து'விடுவாரே! ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கு, முதலிடப் பாட்டுக்கு நாடெங்கும் மவுசு. பரிசுக் கோப்பை, சிவப்புக் கம்பளம், கண்ணீர் மல்க நன்றியுரை எதுவும் கிடையாது. அந்த வகையில் பில்போர்டைவிட உத்தமம்.

உங்கள் ஊர் திரைலோக்கியநாதர் கோயிலில் விஜயநகர மந்திரி இருகப்பர் சங்கீத மண்டபமே கட்டிவைத்தார். அங்கே எந்தப் பாட்டு முதலிடம் என்று அவர் கல்வெட்டில் போடவில்லை. விவரமான மந்திரி!