பவள விளக்கு: பரபக்கமும் சுபக்கமும்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் எல்லை சொல்ல வேண்டும். மேற்கே நெய்யாற்றின்கரை, வடகிழக்கே வெள்ளறடை, தெற்கே பாறசாலை, அதற்குச் சற்றுத் தள்ளிக் களியக்காவிளை. இவற்றுக்கு நடுவே ரப்பரும் மரச்சீனியும் வாழையும் சூழ்ந்த குன்னத்துகாலே இந்நூலின் நிலம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் என்று கோடு விழுந்தது. மீன்தொட்டிக்காரர்கள் அந்தக் கோட்டை இன்றுவரை ஏற்றதாகத் தெரியவில்லை. தொட்டி ஒரு மாநிலத்திலும் அதன் விளக்கு இன்னொரு மாநிலத்திலும் வாங்கப்படுகின்றன.

நூற்பொருள் இது. வரவேற்பறையில், டிவிக்குப் பக்கத்தில், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி. ஐம்பது லிட்டரை ஒட்டிய உப்புநீர். அதில் பவளம் வளர வேண்டும். அதற்கு மேலே தொங்கும் எல்இடி விளக்கு வீட்டுப் பட்ஜெட்டைக் குடிக்காமலும் இருக்க வேண்டும். உலகின் பெரிய சிக்கல்களோடு ஒப்பிட்டால் இது அற்பம் என்பவர்கள், விலையுயர்ந்த விளக்கின் பில்லை மனைவியிடம் காட்டிய அனுபவம் இல்லாதவர்கள்.

முதல் தடை வாசலிலேயே வருகிறது. குன்னத்துகால் நிலநடுக்கோட்டுக்கு எட்டரை பாகைக்குள் கிடக்கும் ஊர். வெளியே சூரியன் இலவசமாகக் காய, உள்ளே விளக்கு எதற்கு? விடை: நண்பகல் வெயிலில், பவளத்துக்குப் பயன்படும் ஒளி சதுர மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல். கடலில் அந்த வெயிலைத் தாங்க அளவற்ற தண்ணீர் உண்டு. ஐம்பது லிட்டர் தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் மத்தியானத்துக்குள் அது ரசப் பதத்துக்கு வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடை வெப்பத்தில் பவளங்கள் வெளுத்தன. சூடும் அதிக ஒளியும் கைகோத்தால், பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும். மிஞ்சுவது வெள்ளை எலும்புக்கூடு. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை தருவது அந்தப் பாசிதான். ஆக, விளக்கு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது பாசிக்கான சாப்பாட்டை.

தடை நீங்கியது. இனி அளவைகள். தமிழ் மரபில் அறிவுக்கு வழி மூன்று: உரை, கருதல், காண்டல். மூன்றையும் விளக்குக் கடையில் நிறுத்திப் பார்க்கலாம்.

உரை அளவை என்பது அட்டைப் பெட்டி. "165 வாட்டு அண்ணாச்சி, வெட்டம் கண்ணப் பறிக்கும்" என்று கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். இங்கே குறிக்கப்படுவது உலகெங்கும் மீன்தொட்டிக்காரர்கள் 'பிளாக் பாக்ஸ்' என்று அழைக்கும் சீனத்துக் கறுப்புப் பெட்டி விளக்கு. அதனுள் 55 எல்இடிகள். ஒவ்வொன்றும் மூன்று வாட் தாங்கவல்லது. 55-ஐ மூன்றால் பெருக்கினால் 165. கணக்கில் பிழையில்லை. ஆனால் பிளக்கில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தால் முள் 110, 120 பக்கமே நிற்கும். தாங்கவல்லது வேறு, தாங்குவது வேறு. பெட்டி பொய் சொல்லவில்லை, ஒவ்வோர் எல்இடியின் உச்சபட்ச ஆற்றலைக் கூட்டிச் சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருடைய உச்ச மதிப்பெண்ணையும் கூட்டிப் பள்ளியின் பெருமை என்று பலகை வைப்பது போன்ற காரியம் இது. விலைக்கு ஏற்ற விளக்குதான், குறை சொல்வதற்கில்லை. இரண்டடித் தொட்டிக்கு அது அதிகம் என்பதே இந்நூலின் வாதம். அது பின்னால் வரும்.

கருதல் அளவைக்காரர்கள் வாட்டை வைத்து ஊகிப்பவர்கள். லிட்டருக்கு இத்தனை வாட் என்ற சூத்திரம் டியூப்லைட் காலத்தில் பிறந்தது. அன்று மெட்டல் ஹாலைடு பல்பு 150, 250 வாட் என்று தொட்டியின் தலையில் எரிந்தது. அது கிளப்பும் சூட்டைத் தணிக்கச் சில்லர் தேவைப்பட்டது. சில்லருக்குத் தனியாகக் கரண்டு தேவைப்பட்டது. இந்தச் சங்கிலியை அறுத்தது ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் இருந்த ஷூஜி நகமுரா. 1993-இல் பளிச்சென்ற நீல எல்இடி வெளிவந்தது. 2014-இல் அவரும் அகசாகியும் அமனோவும் இயற்பியல் நோபல் பெற்றார்கள். வெள்ளை எல்இடி என்பதே பெரும்பாலும் நீல எல்இடிமேல் பூசிய பாஸ்பர்தான். அதனால் வீட்டு பல்பும் பவள விளக்கும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒளியாகும் பங்கும் அலைநீளமும் விளக்குக்கு விளக்கு மாறும்போது, வாட்டை வைத்து ஊகிப்பது தேங்காயின் எடையைக் கொண்டு எண்ணெயின் மணத்தைச் சொல்வதாகும்.

எஞ்சியது காண்டல். இதிலும் ஒரு பொறி உண்டு. எல்லாரிடமும் போன் இருக்கிறது, போனில் லக்ஸ் மீட்டர் செயலி இருக்கிறது, ஆகவே அளந்துவிடலாம் என்று புறப்படுவார்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு; 555 நானோமீட்டர் பச்சையை அது முழுமதிப்பில் எடுத்துக்கொள்கிறது; பவள விளக்கின் உயிரான 450 நானோமீட்டர் நீலத்தை ஏறத்தாழ 4 சதவீத மதிப்பில்தான் எண்ணுகிறது. பாசி ஆவலோடு உண்ணும் பண்டத்தைக் கணக்குப்பிள்ளை தவிடென்று எழுதிவிடுகிறார். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களைச் சமமாக எண்ணுவது பிஏஆர் மீட்டர் ஒன்றே. அமெரிக்காவின் அப்போஜி செய்யும் மீட்டர் இத்துறையில் பிரமாணம். ஆனால் அதன் விலையில் ஒரு விளக்கே வாங்கலாம் என்பதால், நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி உபயோகிப்பதே உசிதம்.

நீலம் ஏன் என்ற கேள்வி இடையில் எழும். கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் பெரும்பாலும் நீலமும் பச்சையுமே மிஞ்சுகின்றன. பாசியின் பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் அந்த மிச்சத்தைப் பிடித்துத் தின்னப் பழகியவை. இது வயிற்றுக் காரணம். கண்ணுக்கான காரணம் வேறு. பவளங்கள் பலவற்றில் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும் புரதங்கள் உண்டு. இவ்வகைப் பச்சைப் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஜெல்லிமீனில் கண்டார். 2008-இல் அதற்கு வேதியியல் நோபலும் வந்தது. சிவப்புப் புரதம் 1999-இல் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து கிடைத்தது. அந்தக் காளான் பவளம் மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்தது. வரவேற்பறைத் தொட்டி விஞ்ஞானத்துக்கு உதவியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை; அடுத்த முறை மனைவியிடம் இதையே எடுத்துச் சொல்லலாம்.

விற்பனைக்காரர்களும் இதை அறிவார்கள். தனி நீல விளக்கின்கீழ் மரகதமாக மின்னிய துண்டு, வீட்டு வெள்ளை விளக்கின்கீழ் வந்ததும் பழுப்பாகிவிடும். துண்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்குமுன், கடையிலேயே "அண்ணே, அந்த வெள்ளையக் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பிறர் வாதத்தை மறுக்கும் பரபக்கம் முடிந்தது; இனி நம் வாதத்தை நாட்டும் சுபக்கம். எந்தப் பவளம்? மேலே எழுப்பிய அளவை வாதங்கள் எல்லாம் இந்த ஒற்றைக் கேள்வியின் முன் மங்கிப்போகின்றன. விளக்குக் கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய இதைப் பெரும்பாலோர் விளக்கு வாங்கிய பிறகே கேட்கிறார்கள். அக்ரோபோரா போன்ற கல்பவளத்துக்கு 200 முதல் 350 மைக்ரோமோல் கொடுப்பது வழக்கம். காளான் பவளம் ஐம்பதிலிருந்து நூறுக்குள் நிம்மதியாக இருக்கும். ஜோவாந்திட்களும் தோல் பவளங்களும் எண்பதிலிருந்து நூற்றைம்பதுக்குள். விலையுயர்ந்த விளக்குகளின் விளம்பரமெல்லாம் முதல் வகையைச் சுற்றியே நடக்கிறது.

இந்த இடத்தில் சட்டம் உள்ளே நுழைகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 ஜூலையில், பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, குழல்பவளம் ஆகியவையும் கூடவே ஏறின. புலிக்கு இருக்கும் காப்பு ஒரு விரல் நீளப் பவளத் துண்டுக்கும் உண்டு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. காரணம் இல்லாமல் வந்த சட்டம் அல்ல இது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள்; 1986-இல் அது தேசியக் கடல் பூங்கா ஆனது; இரண்டு தீவுகள் நீருக்கடியிலேயே போய்விட்டன. பழைய திருவிதாங்கூர்க் கரையில் அப்படிப் பெரும்பாறைகள் இல்லை. பாறை இடுக்குகளில் தனித்தனியாக ஒட்டி வளரும் கல்பவளங்களே உண்டு. அவற்றைப் பற்றி 1995-இல் சி.எஸ். கோபிநாத பிள்ளையும் ஜாஸ்மினும் எழுதினார்கள். பொழியூரில் பாறையைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைக்கலாம் என்று நினைக்கும் வாசகர், தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்கவும்.

ஆக, அட்டவணையில் இல்லாத காளான் பவளமும் ஜோவாந்திட்டும் தோல் பவளமும், யாரோ தொட்டியில் பெருக்கிக் கொடுத்த துண்டாக, நம் கைக்கு வரக்கூடியவை. அவை குறைந்த ஒளியில் வாழ்பவை. குறைந்த ஒளிக்கு விலை குறைந்த விளக்கு போதும். சட்டமும் சட்டைப்பையும் ஒரே முடிவுக்கு வந்து நிற்கும் இடம் உலகில் அதிகமில்லை. குன்னத்துகால் தொட்டி அவற்றில் ஒன்று. ஜோவாந்திட் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருப்பதால் கையுறை போட்டுத் தொட வேண்டும். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யவே கூடாது.

விதி சுருக்கமானது. இரண்டடித் தொட்டிக்கு உண்மையாக முப்பதிலிருந்து ஐம்பது வாட் இழுக்கும் விளக்கு. நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. கெட்டால் கழற்றி மாற்றக்கூடிய டிரைவர். பதினைந்து வாட்டில் வரும் கெசில் ஏ80 போன்ற சிறுவிளக்கு ஓரடிக் கனசதுரத் தொட்டிக்கு ஏற்றது. 165 வாட் கறுப்புப் பெட்டி ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், அதைக் கால்பங்கில் எரியவிட்டு உயரத்தில் தொங்கவிடலாம். கைத்தொழில் தெரிந்தவர்கள் அலுமினிய ஹீட் சிங்கில் மூன்று வாட் எல்இடிகளை ஒட்டித் தாங்களே செய்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் அதற்கான சாமான் கிடைக்கும். செய்வோர், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஈஎல்சிபி இல்லாத லைனில் கை வைக்க வேண்டாம். உப்புநீர்த் துளி வயரைப் பிடித்து ஏறும் இயல்புடையது.

விளக்கு வந்தபின் அளவுகோல் பவளமே. ஒளி போதாவிட்டால் ஜோவாந்திட் தண்டை நீட்டி மேலே எட்டும். அதிகமானால் காளான் பவளம் ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்து, சில வேளை கல்லிலிருந்து தானே கழன்று நிழலான மூலைக்கு மிதந்து போய்விடும். ஆகவே இருபது, முப்பது சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். நீலம் எட்டு, ஒன்பது மணி நேரம்; வெள்ளை நடுவில் நாலைந்து மணி. அதற்கு மேல் எரிப்பது பவளத்துக்கு ஆகாது, கண்ணாடியில் படியும் பாசிக்குத்தான் விருந்து. "ஹால்ல நீல வெட்டம், ஆளுக்க மூஞ்சியே தெரியல்ல" என்ற வீட்டாரின் கண்டனமும் இந்நூலில் ஒரு தடையாகப் பதிவு செய்யப்படுகிறது. விருந்தாளி வரும் நேரத்துக்கு டைமரில் வெள்ளையை வைப்பதே அதற்குப் பரிகாரம்.

கரண்டுக் கணக்கு: நாற்பது வாட், ஒன்பது மணி நேரம், நாளுக்கு 0.36 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கேஎஸ்இபி பில்லில் இது 22 யூனிட்டுக்குள் அடங்கும். ஏப்ரலில் தண்ணீர் சூடாகும்போது சில்லர் வேண்டுமா என்பது தனி நூலாக விரியக்கூடிய வாதம். அதுவரை, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை நீர்மட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே இருக்கும். அதனால் ஈடுகட்ட ஊற்ற வேண்டியது ஆர்ஓ நன்னீர். பூவாறிலிருந்து கேனில் பிடித்து வந்த கடல்நீர் அன்று.