புகையே விடாத வாகனம்

மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகம்,
மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்,
நாரஹேன்பிட்டி.

ஐயா/அம்மணி,

இந்தத் தீவிலேயே ஒழுக்கத்தில் சிறந்த வாகனத்துக்கு உங்கள் திணைக்களம் ஒரு பரிசு வைத்தால், அதை ட்ரெயிலருக்குத்தான் கொடுக்கவேண்டும். அதற்கு என்ஜின் இல்லை, ஆகவே புகை இல்லை. 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து இன்றுவரை அது ஒருதடவைகூடத் தோற்றதில்லை. ஸ்டியரிங் இல்லாததால் குடித்துவிட்டு ஓட்டினான் என்ற வழக்கும் அதன்மேல் விழாது. 2025 ஜனவரியில் ‘க்ளீன் ஸ்ரீ லங்கா’ திட்டம் தொடங்கிய கையோடு பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிக விளக்கு, ஹோர்ன், ஸ்டிக்கர் என்று தேடித்தேடிக் கழற்றினார்களே, அப்போதும் அதனிடம் கழற்ற எதுவும் இருக்கவில்லை. இந்த நற்பிரஜை முப்பது தொன் பாரத்தைச் சுமந்துகொண்டு இன்னொருவர் பின்னால் சத்தமில்லாமல் வருகிறது. வருவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. அது நிற்பது எப்படி என்ற சில்லறை விடயத்துக்காகத்தான் உங்கள் பொன்னான நேரத்தை எடுக்கிறோம்.

எலுவன்குளத்துக்கு இதில் என்ன அக்கறை என்று கோப்பின் ஓரத்தில் யாராவது எழுதக்கூடும். நியாயமான கேள்விதான். புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய பாதையில், கலாஓயாவுக்கு இக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பிடித்தால் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் ஆறு ஓடும், பாதை மூடப்படும். அக்கரையில் வில்பத்து. கொள்கலன் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும் துறைமுக வாசலில்லை இது. ஆனால் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், தலைநகரத்தின் குப்பையை எங்கள் பக்கத்து அருவக்காட்டில் கொட்டும் திட்டம் வேகமெடுத்தது. புத்தளமே வீதியில் இறங்கி எதிர்த்தது. ரயிலில்தான் வரும் என்று திட்டத்தில் எழுதியிருந்த குப்பை, 2019 ஓகஸ்டில் லொறியில் வந்திறங்கியது. சுமார் 170 கிலோமீற்றர். அதே வீதிகளில் சீமெந்து ஓடுகிறது, உப்பு ஓடுகிறது, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலும் ஓடுகிறது. எதைச் சுமந்து வருகிறது என்பதைப் பற்றி இந்த மாவட்டம் எழுதிய மனுக்கள் போதும். எப்படி நிற்கிறது என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறோம்.

காற்று பிரேக் புதிய சாமான் அல்ல. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அமெரிக்க ரயில்களுக்காக அதைச் செய்தது 1869இல். சாரதி பெடலை அமுக்கினால் காற்று குழாய்வழியே ஓடிப்போய்ச் சக்கரத்தருகே உள்ள காற்றறையை நிரப்பவேண்டும், அதன்பிறகுதான் பிடி விழும். ஐக்கிய நாடுகளின் 13ஆம் இலக்க ஒழுங்குவிதி, நல்ல நிலையிலுள்ள லொறிக்கே அதன் கடைசிக் காற்றறை முக்கால்வாசி அழுத்தத்தை எட்ட 0.6 செக்கன் அவகாசம் தருகிறது. மணிக்கு 60 கிலோமீற்றரில் 0.6 செக்கன் என்பது 10 மீற்றர். முன்னே இழுக்கும் பிரைம்மூவருக்கு முதலில் பிடி விழுந்து ட்ரெயிலருக்குச் சுணங்கினால், மாட்டை இழுத்துப் பிடித்தபிறகும் பாரவண்டில் அதன் முதுகில் ஏறுவதுபோல, பின்பாரம் முன்வண்டியைத் தள்ளும். வளைவாகவோ ஈரமாகவோ இருந்தால் இரண்டும் கத்தி மடிவதுபோல மடியும். இது பாரத்தோடு வரும்போது. திரும்பிப் போகும்போது கதை வேறு. குப்பை கொண்டுவந்த வாகனம் கொழும்புக்குத் திரும்ப எதை ஏற்றும்? சீமெந்து பௌசர் எதை நிரப்பிக்கொண்டு வரும்? எங்கள் பக்கத்துப் பாரப் போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிச் சுமை, பாதித்தூரம் வெறும் ட்ரெயிலரே ஓடுகிறது. முப்பது தொன்னுக்கு வேண்டிய அழுத்தம் வெற்றுப் பெட்டியின் சக்கரங்களுக்குப் போனால் அவை சுழல்வதை விட்டுவிட்டு இறுகிச் சறுக்கும். பிறகு அந்தப் பெட்டி எந்தப் பக்கம் வீசப்படும் என்பதைத் தீர்மானிப்பது சாரதி அல்ல. பாரத்தை அறிந்து அழுத்தத்தைக் குறைக்க அச்சோடு இணைத்த ஒரு வால்வு உண்டு. அதன் நெம்பு சேற்றில் இறுகிவிட்டாலும், யாராவது கம்பியால் கட்டிவைத்தாலும், வெளியே யாருக்கும் தெரியாது. அதிலும் புகை வராது பாருங்கள்.

இலத்திரனியல் பிரேக் இந்த இடத்தில்தான் வேலைக்கு வருகிறது. சக்கரத்தைப் பிடிப்பது அப்போதும் காற்றுதான். பிடி என்ற கட்டளை மட்டும் மின்கம்பியில் போகிறது, எனவே பின்னச்சுக்கும் முன்னச்சுக்கும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் சேதி சேரும். காற்றுப்பையின் அழுத்தத்தை வைத்து ட்ரெயிலர் தன் பாரத்தைத் தானே அறிந்துகொள்ளும். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உணரி, இறுகப்போகும் சக்கரத்தை விட்டுப் பிடிக்கச் சொல்லும். வளைவில் பெட்டி சரியப் பார்த்தால், சாரதிக்குத் தெரியுமுன்னரே பிரேக் விழுந்து வேகம் குறையும். உயரமான பௌசருக்கு இதைவிட வேறென்ன காப்புறுதி? இவை கனவுகள் அல்ல. மெர்சிடிஸ் 1996இல் தன் அக்ட்ரோஸ் லொறிகளில் இலத்திரனியல் பிரேக்கைக் கொண்டுவந்துவிட்டது. அவுஸ்திரேலியா 2019 ஜூலையிலிருந்து 10 தொன்னுக்கு மேற்பட்ட புதுவகை ட்ரெயிலர்களுக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கவிழ்வதைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. தூரதேசக் கதை வேண்டாமென்றால் சென்னை பாடியைப் பாருங்கள். 1962இல் அங்கே தொடங்கிய சுந்தரம் கிளேட்டனின் காற்று பிரேக் தொழில், கைமாறி கைமாறி இன்றும் நடக்கிறது. கடலைத் தாண்டினால் வந்துவிடும் பொருளுக்கு நாம் காத்திருப்பது கப்பலுக்காக அல்ல என்று நினைக்கிறோம்.

காசு எங்கே என்பீர்கள். ஓடுகிற எல்லா ட்ரெயிலரையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவும் புதிய ட்ரெயிலர்களில்தான் தொடங்கியது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்திருக்கிறது. கதவு திறந்திருக்கும்போதே நிபந்தனை போடுவதுதான் மலிவு, உள்ளே வந்தபின் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுவதல்ல. ஐரோப்பாவிலிருந்து வரும் பிரைம்மூவரின் முதுகைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் காற்றுக் குழாய்களுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வட்டச் சொக்கெட், உள்ளே ஏழு பின். ட்ரெயிலரோடு பேசுவதற்கென்றே வைத்தது அது. பின்னால் பூட்டுவதில் அதற்குச் சோடி இல்லாவிட்டால், மூளையுள்ள முன்வண்டி மூளையில்லாத பின்வண்டியை இழுக்கிறது என்று அர்த்தம். முன்பாதிக்கு வரி வாங்கும் அரசு, பின்பாதிக்கான பிரேக் உதிரிப்பாகத்தை ஆடம்பரப் பொருளாக எண்ணாமல் வரி விலக்கினால், பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

கடற்கரைக் காற்றில் அந்த ஏழு பின்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது கெட்டிக்காரக் கேள்வி. உப்பளக் காற்று இரும்பையே தின்னும் மாவட்டம் இது, பின் கறுக்கத்தான் செய்யும். ஆனால் மின்சாரம் போனால் பிரேக் போவதில்லை, பழைய காற்றுவழி பின்காவலாகக் கூடவே இருக்கிறது. அதோடு, கோளாறு உள்ளதை ஊரறியச் சொல்லவும் ஒரு வழியுண்டு. அமெரிக்காவில் 1998 மார்ச்சிலிருந்து செய்த காற்று பிரேக் ட்ரெயிலர்களின் இடப்பக்கத்தில், பின்மூலையை ஒட்டி, ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். சக்கரம் இறுகாமல் காக்கும் ஏற்பாடு பழுதானால் அது எரியும். வீதியோரம் நிற்கும் பொலிஸ்காரர் ட்ரெயிலருக்குக் கீழே படுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஸ்டிக்கர் தேடிய அதே கண் போதும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: எங்கள் கிறவல் பாதையில் சக்கரம் இறுகாமல் காக்கும் இந்த ஏற்பாடு சிலவேளை நிற்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். தளர்ந்த கல்லில் இறுகிய சக்கரம் தானே ஒரு அணை கட்டிக்கொள்ளும். அப்படியிருந்தும், குறுக்கே திரும்பிப் பாதை முழுவதையும் கூட்டிக்கொண்டு வரும் ட்ரெயிலரைவிட, இரண்டு மீற்றர் தள்ளி நேராக நிற்கும் ட்ரெயிலர் எங்களுக்கு மேல். வில்பத்து யானைகளும் இதை ஆட்சேபிக்கா.

எல்லாம் சாரதியின் பிழை என்ற பதில் உங்களிடம் ஆயத்தமாக இருக்கும், பெரும்பாலும் அச்சடித்தே இருக்கும். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தபோது, பிரேக் பிடிக்கவில்லை என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. பஸ்ஸிலாவது ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் பேச்சாவது எழுகிறது. ட்ரெயிலரில் இருப்பது சீமெந்தும் சாம்பலும். தூக்கக்கலக்கமும் அவசரமும் சாரதியின் கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு இருப்பது ஒரு கால், ஒரு பெடல். பத்துப் பன்னிரண்டு மீற்றர் பின்னால் எந்தச் சக்கரம் இறுகுகிறது என்று அந்தக் காலுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே பணிவான வேண்டுகோள்: இறக்குமதியாகும், உள்ளூர்ப் பட்டறையில் புதிதாகச் செய்யப்படும் ஒவ்வொரு பார ட்ரெயிலருக்கும் ஒரு திகதி குறித்து இலத்திரனியல் பிரேக்கைக் கட்டாயமாக்குங்கள். பழையவற்றுக்கு ஆண்டுதோறும், பாரத்தோடு ஒருதடவை, வெறுமையாக ஒருதடவை, பிரேக்கைச் சோதித்து எழுதுங்கள். படிவத்தில் இடமில்லையென்றால் புகை அளவு எழுதும் கட்டத்தைப் பயன்படுத்தலாம். ட்ரெயிலரைப் பொறுத்தவரை அது எப்படியும் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
எலுவன்குளம் வீதியோரத்துப் பிரஜை