மூச்சின் கணக்கு

நோயாளியிடம் காசு வாங்காமலே வைத்தியம் பார்ப்பது என்னும் சங்கற்பத்தோடு 1948 ஜூலை 5-ஆம் நாள் பிறந்த பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில், மூன்றே ஆண்டுகளில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் துணிந்ததும், அதன் பிதாவாகிய அனூரின் பெவன் மந்திரி பதவியைத் துறந்ததும் பழங்கதை. 2020-இல் இங்கிலாந்துக் கிளை இன்னொரு சங்கற்பம் செய்துகொண்டது: தான் நேரடியாக வெளியிடும் கரிப்புகையை 2040-க்குள் நிகர பூஜ்யமாக்குவது. உத்தமமான காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் கணக்கெடுத்தபோது, ஆஸ்துமாக்காரர் வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலரிலிருந்து பீச்சும் வாயுவே மொத்தத்தில் சுமார் 3 சதவீதம் என்று தெரியவர, இழுப்பும் இரைப்புமாக அந்த ஏழை வாங்குகிற மூச்சுக்கும் பேரேட்டில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டது; அவருக்கு அந்த இழுப்பை வரவழைத்த, சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்த ஈர வீட்டுக்கு மட்டும் அதில் இடமில்லை; அது வேறு இலாகா அல்லவா! வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றில் வைத்தியம் பார்த்துவந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது அரிதாகக் கிடைக்கும் என்று 1971-இலேயே ஒரு விதியை எழுதிவைத்தார். விதி என்றதும் அதிகாரிகள் தலைவிதி என்று பொருள்கொண்டுவிட்டார்கள் போலும்.