மன்னார் ஒருநாள் சுற்றுலா: ஆட்கள் நீங்கலாக

நுவரெலியாவின் குளிரும் சிகிரியாவின் படிகளும் சலித்துப்போன கனவான்களே, சீமாட்டிகளே, ஏறுங்கள். கோட்டை உண்டு, குளம் உண்டு, பறவை உண்டு. மலை மட்டும் இல்லை. கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் மணல் தீவில் மலைக்கு எங்கே போவது? அந்தக் குறையைப் போக்கத்தான் அரசாங்கம் நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறது. அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதானே?

ஒரேயொரு நிபந்தனை: ஆட்களைப் பார்க்கக்கூடாது. இது நான் போட்ட விதியல்ல, காட்சி விற்கிறவர்களின் மூத்த விதி. ஸ்கொட்லாந்தின் உயர்நிலத்தில் பள்ளத்தாக்குகளும் ஏரிகளும் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். செம்மறிக்கு மேய்ச்சல் வேண்டுமென்று பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குடியானவர்களை விரட்டி, போகமாட்டோம் என்றவர்களின் கூரைக்குத் தீ வைத்த பிறகு வந்த அமைதி அது. சீமான்கள் அந்த வேலையை முடித்துவிட்டார்கள். நாங்கள் பின்தங்கிய நாடு, இன்னும் முடிக்கவில்லை. ஆகவே வழியில் சில மனிதர்கள் தென்படலாம். மன்னிக்கவும்.

இதோ மன்னார்க் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1696இல் திருத்திக் கட்டியது. போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரக் கோவிலின் கற்கள் இந்தச் சுவரில் இருக்கின்றன என்பது ஊர்ப்பேச்சு. கோவிலை இடித்தவனின் சுவர் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிமுனையில் அந்தத் தடித்த பெருக்க மரத்தையும் பாருங்கள். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். எத்தனையோ நூற்றாண்டாக இங்கே நிற்கிறது. இதுவரை அதனிடம் காணி உறுதி கேட்டவர் எவருமில்லை. மரமாகப் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நகர நுழைவாயிலில் பஸ் நிற்காது. அங்கே 2018இல் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினார்கள், எலும்பு வந்தது. தோண்டத் தோண்ட முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறு பிள்ளைகளுடையவையும் சேர்த்து. மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் பறந்தன. 2019 மார்ச்சில் விடை வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. அப்பாடா! கொன்றவன் எவனாக இருந்தாலும் இன்று ஓய்வூதியம் வாங்குகிறவன் இல்லை என்று எத்தனை பேருக்கு நிம்மதி! காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்த விடையை ஏற்கவில்லை. அவர்கள் ஏற்றால் என்ன, ஏற்காவிட்டால் என்ன? அவர்களின் வயதைத்தான் எந்த ஆய்வுகூடமும் அளக்கவில்லையே.

இன்னோர் எண்ணும் உண்டு. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் கணக்குகளையே கூட்டிக் கழித்து, போரின் இறுதிக் கட்டத்தில் வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்றார். விடை கிடைக்காமலே 2021இல் அவர் கண்மூடினார். அந்த எண் மட்டும் புளோரிடாவுக்குப் போகவேயில்லை.

பாலத்தைத் தாண்டினால் திருக்கேதீச்சரம். பாடல் பெற்ற தலம், கும்பிட்டுக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் அருகே தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்த வீதியும் இதுதான். இந்த மாவட்டத்தில் மண்வெட்டி எடுக்கிறவன் யாரைக் கூட்டிவருவது, மேசனையா, சட்ட வைத்திய அதிகாரியையா?

கட்டுக்கரைக்குளத்தில் மதியச் சாப்பாடு. வங்காலையில் பூநாரைகள். 2008இல் சரணாலயம், 2010இல் ராம்சார் ஈரநிலம் என்று இரண்டு பட்டங்கள் இந்த இடத்துக்கு. கடல் தாண்டி வரும் பறவைக்கு உலகமே வழிவிடச் சொல்கிறது. நாமும் மறுப்பேதும் சொல்லாமல் ஒப்பமிட்டோம். பிறகு அதன் வான்வழியிலேயே காற்றாலைகளை நட்டோம்.

அரிப்பு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். முத்துக் குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை கடலோரத்தில் இடிந்து நிற்கிறது. சனங்கள் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். மூச்சடக்கி முத்தெடுத்தவனின் கொட்டிலில் ஒரு கிடுகுகூட மிஞ்சவில்லை. மேலே உட்கார்ந்து எண்ணியவனின் சுவர் மிஞ்சியிருக்கிறது. அதற்குப் பெயர் மரபுரிமை.

இனிமேல் யன்னல் திரைகளை இழுத்து விடுங்கள். முசலிப் பிரதேசம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களைக் கட்டின துணியோடு துரத்திய மண். காட்சிக்காக ஆட்களை அகற்றுவதில் எங்களுக்குள் இன வேறுபாடு கிடையாது, எல்லாத் தரப்பும் கைதேர்ந்தவை. திரும்பி வந்தவர்களுக்கு முன் சிலாவத்துறையில் கடற்படை முகாம் போட்டிருந்தது. போதாக்குறைக்கு 2017 மார்ச்சில் ஜனாதிபதி சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடி ஒரு வர்த்தமானியில் ஒப்பமிட்டு நாற்பதாயிரம் ஹெக்டேயரை வனமாக்கினார். இங்குள்ள மறிச்சுக்கட்டி ஊர்க்காரன் தன் வளவில் நிற்கும்போதே காட்டுக்குள் அத்துமீறியவன் ஆனான்.

அடுத்தது முள்ளிக்குளம். 2007 செப்டெம்பரில் சில நாளில் திரும்பலாம் என்று சொல்லி ஊரையே வெளியேற்றினார்கள். பிறகு அங்கே கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் வந்தது. சனங்கள் காட்டோரத்தில் தகரக் கொட்டிலில் இருக்க, அவர்களின் கல்வீடுகளில் அதிகாரிகளின் குடும்பங்கள். 2017இல் சனங்கள் முகாம் வாசலில் ஒரு மாதத்துக்கு மேல் குந்தியிருந்த பிறகு 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார்கள். வீடுகளைப் பற்றிக் கேட்டால், பொறுங்கள் என்றார்கள். சொந்தக் கோவிலுக்குப் பூசைக்குப் போகவும் காவலரணைக் கடக்க வேண்டிய ஊர். கடற்கரை என்னவோ அழகுதான். யாரும் இல்லாத கரை அழகாகத்தானே இருக்கும்.

மாலையில் தீவுக்குத் திரும்புவோம். தென்கரை நெடுக வரிசையாகச் சுழல்கிறது தம்பபவனி: 30 காற்றாலைகள், 2020 டிசம்பரில் திறந்தார்கள். அதன் பிறகு மழை வெள்ளம் வடிய வழியில்லாமல் முற்றத்தில் நிற்கிறது என்று சனங்கள் சொன்னார்கள், கேட்க ஆளில்லை. பிறகு இன்னும் காற்றாலை நட இந்தியத் தொழிலதிபர் அதானி வந்தார். மின்சார விலையில் பேரம் படியாமல் 2025 பெப்ரவரியில் போனார். மக்கள் வேண்டாம் என்றதற்காக எவரும் போகவில்லை, அந்தத் தப்பெண்ணம் வேண்டாம். காற்றைக் கேட்டவர்கள் ஒருபுறம், மணலுக்குள் இருக்கும் இல்மனைட்டைக் கேட்டு வந்த அவுஸ்திரேலியக் கொம்பனி மறுபுறம். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் விற்றபின் நடுவில் நிற்கிறவனை என்ன செய்வது? அதுதான் பிரச்சினை.

அந்த நடுவில் நிற்கிறவர்கள் 2025 ஆகஸ்டில் வீதிக்கு இறங்கினார்கள். புதிய காற்றாலைகளின் பாகங்களை ஏற்றிவந்த பார ஊர்திகளை இராப்பகலாக மறித்தார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார். பேசித் தீர்ப்போம் என்றார்கள். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் உள்ளே வந்தன. மறித்த பெண்களுக்கும் குருவானவர்களுக்கும் அடி விழுந்தது. மக்களாட்சி, மாற்றம், மறுமலர்ச்சி எல்லாம் அன்றிரவு வாகனத் தொடரின் பின்னால் வந்துகொண்டிருந்தன போலும், மன்னாருக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சனம் குடியிருக்கும் இந்தச் சின்னத் தீவுக்குள் நடாதே, வேறிடத்தில் நடு என்றார்கள். கிணற்று நீர் உவராகிவிடும், மீன்வாடி போய்விடும், மணலைத் தோண்டினால் தீவே கடலுக்குள் போய்விடும் என்றார்கள். இதில் விளங்காத சொல் எது? கொழும்பில் வரைபடத்தின்மேல் குனிந்து, இங்கே காலி நிலம் இருக்கிறது என்று விரலை வைத்தவர் யாரோ, அவர் பஸ்ஸை விட்டு இறங்கட்டும். முள்ளிக்குளத்தாரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுக்கட்டும். மறிச்சுக்கட்டியின் காணியைக் காட்டிலிருந்து விடுவிக்கட்டும். எலும்புகளுக்குப் பெயர் சொல்லட்டும், சொல்ல முடியாவிட்டால் தேடவாவது தொடங்கட்டும். அதுவரைக்கும் இந்த அரசுக்கு மன்னாரில் பார்க்க ஒன்றுமில்லை. பதில் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.